பாலம் ஏறாத கார்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போக ஏரியின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அப்படியொன்றும் பெரிய ஏற்றம் இல்லை. சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட எழுந்து நின்று மிதித்தால் ஏறிவிடுவார்கள். என் கார் மட்டும் ஏறாது. பாதி ஏற்றத்தில் முனகும், பிறகு இருமும், பிறகு நின்றுவிடும். நின்றதும் உள்ளே இருக்கிற மூன்று பெண்களும் கதவைத் திறந்து இறங்கி நடப்பார்கள். பாரம் குறைந்த பிறகு கார் மெல்ல ஊர்ந்து மேலே வரும். அவர்கள் எனக்கு முன்னால் உச்சிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி எனக்காகக் காத்திருப்பார்கள். அதைவிட அவமானம் ஓட்டுகிறவளுக்கு வேறு வேண்டாம்.

அந்தக் கார் என் நைனாவுடையது, அதாவது அப்பாவுடையது. சுண்ணாம்புக்குளத்தில் அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் புரை வந்ததும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். நீளமான மூக்கு, நீளமான டிக்கி, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த நிறம். ஊரில் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுவார்கள். கார் ஓட்டியது நான் ஒருத்திதான். விடிகாலையில் மீன் விற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவேன். ஆளுக்குக் கொஞ்சம் பெட்ரோலுக்குக் கொடுப்பார்கள். ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போவதைவிட இது மேல் என்று அவர்களுக்கும் சந்தோஷம்.

நிரந்தரமாக வருகிறவர்கள் மூன்று பேர். முன் சீட்டில் எதிர்வீட்டு அக்கா. நண்டு விற்பவர். நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். பின் சீட்டில் என் நாத்தனார், இறால் விற்பவள். கையில் எப்போதும் போன். அவளுக்குப் பக்கத்தில் கருவாட்டு அத்தை. இவர் எங்களுக்கு உறவு இல்லை, ஆனால் ஊருக்கே அத்தை. பழவேற்காடு தாண்டிப் பொன்னேரி வரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசுகிற இரண்டு பேருக்கு நடுவில் இப்படி ஒருவர் இருப்பது காருக்கு நல்லது.

கார் முன்பும் சுறுசுறுப்பாக இருந்ததில்லை. ஆனால் பாலம் ஏறும். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். கார் கடற்காற்றில் அப்படியே நின்றது. எழுந்து வந்து எடுத்தபோதுதான் அது இப்படி ஆகியிருந்தது. டிக்கியும் திறக்கவில்லை. "பூட்டு துரு புடிச்சிப் போச்சி. அத நோண்டாத. தெறந்தா மூடாது, அப்புறம் கயிறு கட்டிக்கினுதான் போவணும்" என்றார் என் வீட்டுக்காரர். சரி என்று நான் மீன் பெட்டிகளை மேலே கேரியரில் கட்ட ஆரம்பித்தேன். ஐஸ் உருகி முன்கண்ணாடியில் வழியும். மழை இல்லாத நாளிலும் வைப்பர் போட்டுக்கொண்டு போகிற கார் எங்களுடையது.

வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். போட் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். அதனால் கார் இன்ஜினும் தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. கார் ஓட்ட மட்டும் தெரியாது.

"இன்ஜினுக்கு மூச்சு முட்டுதுமே" என்றார். "பின்னால கொழாய அடச்சி வெச்சா எப்படி இழுக்கும்? போட்டப் பாரு, பொக எப்படித் தாராளமாப் போவுது."

காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலை செய்யும் அவருடைய கூட்டாளி ஒருவர் லீவு நாளில் வந்தார். காருக்கு அடியில் படுத்து, சைலன்சரை அறுத்து எடுத்துவிட்டு, அகலமான இரும்புக் குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். கூலிக்குப் பதில் ஒரு கூடை நண்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் காரைக் கிளப்பினேன். ஊரே விழித்துக்கொண்டது. கரையில் இருந்தவர்கள் ஏதோ போட் வருகிறது என்று தண்ணீரைப் பார்த்தார்களாம். சத்தம் மூன்று மடங்கு, வேகம் அதே வேகம். முன்பெல்லாம் பாலத்தில் பாதியில் அமைதியாக நிற்கும், இப்போது உறுமிக்கொண்டு நின்றது.

"பரவால்ல" என்று இறங்கினார் அக்கா. "இப்ப நிக்கறதும் கம்பீரமாத்தான் நிக்குது."

அடுத்த யோசனை நாத்தனாருடையது. போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். மீசை வைத்த ஒருவர் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, பீரோவில் போடுகிற பாச்சை உருண்டைகளை உள்ளே போட்டார். அடுத்த காட்சியில் அவர் கார் ரோட்டில் பறந்தது.

"இன்னா பாஷை பேசறாரு?" என்றேன்.

"ஹிந்தியா இருக்கும் அண்ணி. பேசறத வுடு. கையப் பாரு, அதுலயே புரியுது."

எனக்கும் ஆசை விட்டபாடில்லை. செலவும் இல்லை. போட்டேன். கார் வேகமாகப் போகவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் கல்யாணப் புடவைப் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பொன்னேரியில் நாத்தனாரிடம் வாடிக்கையாக வாங்கும் ஒரு ஓட்டல்காரர் இறாலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாமா, இத பீரோல வெச்சிருந்தியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் வீடு வரும்வரை போனைப் பார்க்கவில்லை. நானும் அந்த டேங்க் பெட்ரோலை ஒரு கேனில் இறக்கிவிட்டேன்.

இனி நம்மால் ஆகாது என்று பழவேற்காட்டில் இருக்கிற மெக்கானிக் பாயிடம் போனேன். பானட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். முழு வேலை பார்ப்பதானால் என்னவெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

"பாய், என்கிட்ட இருக்கறதுக்குள்ள சொல்லுங்க."

அவர் சிரித்தார். ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினார். மணலும் மீன் செதிலும் கொட்டியது. கழுவி மாட்டினார், பிளக்கைத் தேய்த்தார், கார்ப்பரேட்டரைத் துடைத்தார். "கொஞ்சம் தேவல. டயருக்குக் காத்து வெச்சிக்க. மேல கட்டற பெட்டிய உள்ள வெச்சிக்க, காத்துல இழுக்காது." பிறகு துணியில் கையைத் துடைத்தபடி, "மத்தபடி, வெயிட்டக் கொறைங்கமா" என்றார்.

சொன்னதில் தப்பு இல்லை. சொல்லும்போது அவர் பார்வை, துணைக்கு வந்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மேல் போய் ஒரு கணம் நின்றுவிட்டது. அது அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னா பாய், என்ன தராசுல வெக்கறியா?"

"ஐயோ, நான் பொதுவாச் சொன்னேன்கா."

"பொதுவாச் சொல்றவன் பொதுவாப் பாக்கணும்."

மறுநாள் பாலத்தில் கார் நின்றது. நாத்தனாரும் அத்தையும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் எறங்கினா..."

"மாட்டேன். இந்த வண்டில நான் ஒருத்திதான் வெயிட்டா? மத்ததெல்லாத்தையும் எறக்கிப் பாரு. அப்பவும் ஏறலன்னா நான் எறங்கறேன்."

பின்னால் ஒரு மீன் வண்டி ஹார்ன் அடித்தது. அதன் டிரைவரும் கிளீனரும் இறங்கி வந்து எங்களைத் தள்ளினார்கள். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று மதியமே அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். நாத்தனாரையும் அத்தையையும் அக்காவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காரை வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கத்து நிழலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். கேரியரை அவிழ்த்தோம். தரையில் கிடந்த பழைய மிதியடிகளை எடுத்தோம், அடியில் இருந்த மணலை முறத்தால் அள்ளினோம். சீட்டுக்கு அடியில் ஜோடி இல்லாத மூன்று செருப்பும், நைனா காலத்து மூங்கில் குடையும், காய்ந்து கல்லாகிப்போன ஒரு நண்டும் கிடைத்தன.

"இது என்னுது இல்ல" என்று நண்டைத் தூக்கி எறிந்தார் அக்கா. "டிக்கியத் தெற."

"பூட்டு துரு புடிச்சிருக்குக்கா."

"உள்ள இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஸ்டெப்னி மட்டும்."

நாத்தனார் பின் சீட்டை முன்னால் இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. சீட்டுக்குப் பின்னால் டிக்கி இருட்டாகத் தெரிந்தது. அவள் போனில் வெளிச்சம் போட்டுத் தலையை உள்ளே நுழைத்தாள்.

"அண்ணி, காருக்கு இன்ஜின் எங்க இருக்கும்?"

"முன்னால."

"அப்ப இங்க ஒண்ணு இருக்கே, இது இன்னா?"

நீலத் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருந்தது அது. போட்டுக்குப் பூட்டுகிற டீசல் இன்ஜின். பழையது, கிரீஸ் அப்பியது. அதற்குப் பக்கத்தில் வலையில் கட்டும் ஈய குண்டுகள் ஒரு மூட்டை நிறைய, கூடவே ஒரு நங்கூரம்.

எனக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. மழைக்காலத்துக்கு முன்பிருந்தே வீட்டுக்காரர் பழைய இன்ஜின் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருக்கிற இன்ஜினுக்கே செலவு பண்ண முடியவில்லை, வேண்டாம் என்று நான் முடிவாகச் சொல்லியிருந்தேன். நான் காய்ச்சலில் படுத்த வாரத்தில் வாங்கிவிட்டார். வைக்க இடம்தான் இல்லை. எங்கள் வீடு ஒரே அறை. கரையில் வைத்தால் அடுத்த நிமிஷம் ஊர் முழுக்கத் தெரியும். என் கார் டிக்கிதான் பத்திரமாக இருந்திருக்கிறது, பூட்டை மாற்றிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார். பாதி வருஷமாக நான் பாலம் ஏற சக்தி தேடி அலைந்தேன். ஒரு முழு இன்ஜினை முதுகில் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பாய இட்டுனு வாங்கடி. என்னையும் இதையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சிக் கேக்கறேன்."

நாலு பேருமாக எல்லாவற்றையும் பின் சீட்டு வழியாக வெளியே இழுத்தோம். இடுப்பு போய்விட்டது. காலியான காரை வீட்டு வாசலுக்குத் தள்ளி விடலாம் என்று நியூட்ரலில் போட்டுத் தள்ளினோம். அப்போது அடுத்த கூத்து. மூன்று சக்கரம் சுற்றியது. இடது பின்சக்கரம் சரியாகச் சுற்றாமல் மணலை உழுதுகொண்டு வந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேனா என்று பார்த்தேன். இல்லை. போன் போட்டதும் பாய் வண்டியில் வந்து இறங்கினார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். உள்ளே உப்புக்காற்றில் துரு ஏறி, பிரேக் கட்டை பிடித்த பிடியை விடாமல் இருந்தது. ஒரு வாரம் நின்றபோதே ஒட்டியிருக்க வேண்டும் என்றார். நான் மிதிக்கிற ஆக்சிலேட்டரில் பாதி அந்தப் பிரேக்குக்கே போயிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு ஸ்பிரிங் மட்டும் புதிதாக மாட்டினார். அக்கா அவரை இன்ஜினுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். பாய் இன்ஜினைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"மன்னிச்சிக்கக்கா."

"சரி. டீ சாப்ட்டுட்டுப் போ."

வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் சண்டை போட வேண்டும் என்று நான் மனதில் வசனம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். நாத்தனார்தான் தடுத்தாள். "வேணாம் அண்ணி. எங்க அண்ணன் கேட்டா சொல்லு. கேக்கலன்னா நீயும் கேக்காத." அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவரால் கேட்க முடியாது. கேட்டால் வாங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்ஜினையும் மற்றதையும் அத்தையின் கருவாட்டுக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சாக்குகளுக்குப் பின்னால் வைத்தோம். அத்தை முகத்தைச் சுளித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிக்கியில் பழையபடி தார்ப்பாயைப் போர்த்தினோம். அதற்கு அடியில் வலைக்கு மிதவையாகக் கட்டுகிற காலி கேன்களை, இன்ஜின் மாதிரியே உப்பலாகத் தெரியும்படி அடுக்கியவள் நாத்தனார். பின் சீட்டை மாட்டினோம்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மதியம், நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. துரு பிடித்த பூட்டு எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு கேன் உருளும் சத்தம். அப்புறம் டிக்கியை மெல்லச் சாத்தும் சத்தம்.

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்த டிக்கி பூட்ட யாருனா சரி பண்ணாங்களா?"

"துரு புடிச்சிருக்கு, நோண்டாதன்னு நீதான சொன்ன. நான் தொடல."

"இல்ல, சும்மா கேட்டேன்."

"உள்ள எதுனா வெச்சிருக்கியா?"

"நான் இன்னா வெக்கப் போறேன்" என்று ஒரு கவளம் பெரிதாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பேசாமல் இருக்க அது வசதி.

தங்கையிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார். அவள் யோசிக்கிற மாதிரி யோசித்து, "பழைய இரும்பு வாங்கற ஆள் ஒருத்தரு இந்தப் பக்கம் வந்தாருண்ணா. காட்டுப்பள்ளி பக்கம் போறேன்னு போனாரு" என்றிருக்கிறாள். மனுஷன் கூட்டாளியின் பைக்கை வாங்கிக்கொண்டு காட்டுப்பள்ளி வரை போய், வழியில் இருக்கிற பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்துவிட்டு, முகம் கருத்துத் திரும்பினார். எங்கே போனாய் என்று கேட்டேன். காற்று வாங்கப் போனேன் என்றார். கடலோரத்தில் குடியிருப்பவர் காற்று வாங்க அத்தனை தூரம் போனதாக நானும் நம்பினேன்.

அக்கா மட்டும் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "உன் பொண்டாட்டி வண்டி இப்ப இன்னா ஓட்டம் ஓடுது தெரியுமா? உள்ள ரெண்டு இன்ஜின் இருக்கற மாதிரி ஓடுது" என்றாராம். டீ அவருக்குப் புரையேறிவிட்டது.

கடைசியில் ஒரு நாள் காலையில், தானும் பொன்னேரிக்கு வருவதாகச் சொன்னார். அங்கே ஏதோ வேலையாம். என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியும், அங்கேயும் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. பின் சீட்டில் நாத்தனாருக்கும் அத்தைக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாலம் வந்தது. யாரும் கதவில் கை வைக்கவில்லை. நான் இரண்டாவது கியரில் மிதித்தேன். அந்த அகலக் குழாய் ஏரி முழுக்கக் கேட்க உறுமியது. கார் ஏறியது. ஊர்ந்து இல்லை, ஓடி ஏறியது. பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உச்சியைத் தாண்டியபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்தார். "எப்படி ஏறிச்சி? அஞ்சு பேரு கீறோம்."

"பாய் சொன்னாரு" என்றார் அக்கா, திரும்பாமலே. "வெயிட்டக் கொறைக்கச் சொன்னாரு. கொறைச்சோம்."

"இன்னா வெயிட்டு?"

நாத்தனார் போனுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. அப்போது, பொன்னேரி வரும்வரை வாய் திறக்காத அத்தை, ஏரியைப் பார்த்தபடியே பேசினார்.

"என் கருவாட்டுல டீசல் நாத்தம் ஏறுதுபா. சீக்கிரம் எடுத்துனு போ."

அக்கா சிரித்த சிரிப்பில் டாஷ்போர்டில் இருந்த சாமி படம் விழுந்துவிட்டது. நான் பாலம் இறங்கிய இடத்தில் காரை ஓரமாக நிறுத்தினேன், ஓட்ட முடியவில்லை. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் பயம். கையை எடுத்தபோது பார்த்தால் சிரிக்கிறார்.

"காட்டுப்பள்ளி வரைக்கும் அலைய வெச்சியேடி" என்று தங்கை தலையில் ஒரு குட்டு வைத்தார்.

மார்க்கெட்டில் வியாபாரம் முடிகிறவரை நானும் வீட்டுக்காரரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேணாம்னு சொல்லுவ" என்றார். ஆமாம், சொல்லியிருப்பேன். இரண்டு தடவை கரை தெரியாத தூரத்தில் இன்ஜின் நின்றுபோனதையும், பக்கத்துப் போட்டுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்ததையும் அன்றைக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதையெல்லாம் வீட்டில் சொல்வதைவிட ஒரு இன்ஜினை மறைத்துவைப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இன்ஜினை விற்கவில்லை. பாயும் அவரும் உட்கார்ந்து அதையும் போட்டில் இருந்ததையும் பிரித்து, இரண்டிலும் நல்லதை எடுத்து ஒன்றாகப் பூட்டினார்கள். இப்போது ஓடுகிறது. கடலுக்குப் போகாத நாட்களில் அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பெரிய தொல்லை அது. போட்டில் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் போட் இடது பக்கம் திரும்பும். அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை. நேற்றுகூட வலைக் கொட்டகையைத் தவிர்க்க நினைத்து நேராக அதற்குள்ளேயே காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். அவர் இறங்கி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினார்.